பாரில் கிடந்த விமானம்

1952ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி. குளச்சலுக்கு மேற்கே ஒரு கடற்கரை ஊரில், ஓலை வேலியில் சாய்த்து வைத்திருந்த உலோக வளையம் ஒன்றைத்தான் முதலில் பார்த்தேன். ஒரு ஆள் உள்ளே நின்று திரும்பக்கூடிய அகலம். அதன் விளிம்பைச் சுற்றிச் சிறு வலை ஒன்றைப் பின்னியிருந்தார்கள். சிங்கி இறால் பிடிக்கும் வட்ட வலை.

நான் அப்போது நாகர்கோவிலில் ஒரு நாளிதழுக்கு நிருபர். அந்த ஊர்க் கிணறுகளில் தண்ணீர் உப்பாகிவிட்டது என்று வந்த புகாரை விசாரிக்கப் போயிருந்தேன். கிணற்றைப் பார்ப்பதற்கு முன் வளையத்தின் அருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டேன். உள்விளிம்பில் வளையம் முழுக்க ஒரு தடம் ஓடியது. தடத்தில் சிறு உருளைகள் இருந்த குழிகள். வேறொரு வளையம் இதன்மேல் சுற்றி ஓடியிருக்க வேண்டும். இது வண்டிப் பட்டை அல்ல, பீப்பாய் வளையமும் அல்ல. பழைய இரட்டை இறக்கை விமானங்களில் பின்னிருக்கைத் துப்பாக்கிக்காரன் நின்று சுழல்வதற்காகப் பொருத்தப்பட்ட வளையம்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். போர்க்காலத்தில் இரண்டு வருடம் கடலோரக் கண்காணிப்புக் கூடாரத்தில் வேலை பார்த்தேன். கடல்மேல் ஒரு விமானம் தெரிந்தால் அது எந்த வகை, எந்தத் திசையில் போகிறது என்று தொலைபேசியில் சொல்ல வேண்டும். அதற்காகக் கறுப்பு நிழலுருவங்கள் அச்சிட்ட அட்டைகளைக் கொடுத்துப் பழக்கினார்கள். மூக்கு உருண்டையா நீளமா, இறக்கை ஒன்றா இரண்டா, வால் எப்படி என்று பார்த்துப் பார்த்து, தூரத்தில் கொசு அளவில் தெரியும்போதே பெயர் சொல்லும் பழக்கம் வந்துவிட்டது. போர் முடிந்தது. பழக்கம் முடியவில்லை. எங்கே பழைய விமானத்தின் துண்டு கிடந்தாலும் போய்ப் பார்ப்பேன், முடிந்தால் வாங்கி வருவேன். குழித்துறைச் சந்தையில் ஒரு வியாபாரியின் தராசில் படிக்கல்லாகக் கிடந்த உறுப்பைக்கூட, அதே எடைக்கு வேறு இரும்பு கொடுத்து மாற்றி வந்திருக்கிறேன். கோட்டாற்றில் எங்கள் வீட்டு மாடியில் ஒரு சக்கர விளிம்பு, மர விசிறியின் முனை, முள் இல்லாத உயரமானி எல்லாம் இருந்தன. ஒவ்வொன்றிலும் அது எந்த விமானத்தைச் சேர்ந்தது என்று சீட்டு எழுதிக் கட்டியிருந்தேன். கோட்டாற்றில் பழைய இரும்பு வாங்குகிற ஆக்கர்க்கடை போதாதென்று வீட்டுக்குள்ளும் ஒன்று திறந்திருக்கிறார் என்று என் மனைவி விருந்தாளிகளிடம் சொல்வாள்.

வளையத்துக்குச் சொந்தக்காரர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். கட்டுமரத்தில் போய்த் தூண்டில் போடுகிறவர். சிப்பி எடுக்கக் கடலில் முங்கிப் பழகிய உடம்பு, அகன்ற நெஞ்சு. இது எங்கே கிடைத்தது என்று கேட்டேன்.

"கரையில ஒதுங்கினது சாரே."

கரையில் ஒதுங்கி மணலில் உருண்ட உலோகம் தேய்ந்து வழவழப்பாக இருக்கும். இதில் குழிக்குக் குழி சிப்பிகள் ஒட்டிச் செத்த வெள்ளைத் தழும்பு. ஒரு பக்கம் மட்டும் கயிறு அறுத்த தடம். ஆழத்தில் கிடந்து, நங்கூரக் கல்லின் கயிற்றில் சிக்கி மேலே வந்தது என்று எனக்குப் பட்டது. அவர் சொல்ல விரும்பவில்லை, நானும் மேலே கேட்கவில்லை. அதே அளவில் புது வளையம் ஒன்றைக் கோட்டாற்றுக் கொல்லரிடம் அடித்து வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்து, இதை வாங்கி வந்தேன். கிணற்றுச் செய்தியோடு, தெற்குத் திருவிதாங்கூர்க் கரையில் பழைய போர் விமானமொன்றின் உறுப்பு கிடைத்திருக்கிறது என்று ஐந்து வரி எழுதினேன். ஊர் பெயர் போடவில்லை.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் ஆராதனை முடிந்து வந்த வெள்ளைச் சேலையோடு ஒரு பெண் எங்கள் வீட்டுக்கு வந்தார். முப்பது, முப்பத்திரண்டு வயது. குழித்துறை பக்கத்துக்காரர். ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பத்திரிகையிலிருந்து கத்தரித்த என் ஐந்து வரியைக் கையில் வைத்திருந்தார். அந்த வளையத்தைப் பார்க்கலாமா என்று கேட்டார்.

மாடிக்கு அழைத்துப் போனேன். தொடாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு நோயாளியின் விவரத்தை டாக்டரிடம் சொல்வதுபோல ஒழுங்காகச் சொன்னார். கல்யாணமான எட்டாம் மாதம் அவர் கணவர் விமானப் படையில் சேர்ந்தார். பின்னிருக்கைத் துப்பாக்கிக்காரர் வேலை. 1942இல் கொச்சியிலிருந்து தெற்கே ரோந்து போன விமானம் திரும்பவில்லை. காணவில்லை என்று தகவல் வந்தது. போர் முடிந்து சிங்கப்பூர்ச் சிறை முகாமிலிருந்து திரும்பிய ஒருவர், மார்த்தாண்டம் பஸ் நிலையத்தில் இவருடைய மாமனாரைப் பார்த்து, உங்கள் மகன் சாயலில் ஒருவரை அங்கே கண்டேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அந்த ஒரு வார்த்தையில் ஏழு வருடம் போய்விட்டது. கோயிலில் அவர் பெயரை உயிரோடிருப்பவர்களுக்கான ஜெபத்தில் சேர்ப்பதா, மரித்தவர்களோடு சேர்ப்பதா என்று போதகருக்கே தெரியவில்லை. ஒரு வருடம் இதில், ஒரு வருடம் அதில் என்று மாறி மாறி வருகிறதாம். இதைச் சொல்லும்போது அவர் லேசாகச் சிரித்தார்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அந்தப் போர் வருடங்களில் நம் கரைக்கு எதிரே கடலில் தொலைந்த இரட்டை இறக்கை விமானங்கள் இரண்டு. ஒன்று ஆடாக்ஸ் என்ற வகை, நீள மூக்கு. அதில் இருந்த இருவரையும் கொப்பரை ஏற்றிவந்த ஒரு தோணியின் ஆட்கள் காப்பாற்றிக் கரை சேர்த்தார்கள். எங்கள் கூடாரத்திலிருந்துதான் அந்தச் செய்தி போனது. மற்றது வாபிட்டி. அந்தக் காலத்துக்கே மிகப் பழைய விமானம். இளம் பைலட்டுகள் அதை விமானம் என்று சொல்லக் கூச்சப்படுவார்கள். அதற்கு உருண்டை மூக்கு. ஒன்பது சிலிண்டர்கள் பூவிதழ்போல வட்டமாக நிற்கும் இயந்திரம். அது போன தடம் தெரியவில்லை.

"அவர் ஒரு போட்டோ அனுப்பியிருந்தார் சாரே. பின்னால நின்னது உருண்டை மூக்குதான்" என்றார்.

இரண்டிலும் பின்னிருக்கையில் ஏறக்குறைய இதே போன்ற வளையம் உண்டு. பத்து வருடம் உப்புத் தண்ணீரில் அரித்தபின், இது எதனுடையது என்று அடித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. அப்படியே சொன்னேன். இந்த வளையம் கிடந்த இடத்தில் இயந்திரமும் கிடக்கும், அதைப் பார்த்தால் சந்தேகம் இல்லாமல் தெரிந்துவிடும் என்றும் சொன்னேன். நீள இயந்திரமானால் உள்ளே இருந்தவர்கள் பிழைத்த விமானம். அவர் கணவரைப் பற்றி அது எதுவும் சொல்லாது. வட்ட இயந்திரமானால் அவருடைய விமானம். முகாமில் கண்ட ஆள் வேறு யாரோ.

அவர் எழுந்து குடையை எடுத்துக்கொண்டார். "எனக்கு நல்ல பதில் வேண்டாம் சாரே. செரியான பதில் போதும்."

மாசி மாதம் கடல் தெளிந்து அடங்கியிருந்த ஒரு சனிக்கிழமை, இருவரும் அந்த ஊருக்குப் போனோம். வளையம் தந்த மீனவரின் வீட்டு முற்றத்தில் அவரும் அவர் மனைவியும், மனைவியின் தம்பியான மைத்துனரும் தூண்டில் கயிறு திருகிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் அவர் மனைவி கணவரைப் பார்த்துச் சொன்னார்: "பேப்பர்காரருக்கு வளையம் குடுத்தா பின்னால ஆளு வருமுண்ணு நான் அப்பமே சொன்னேன்லா. வந்தாச்சு. கூட ஒரு பொம்பளயும்."

நான் விஷயத்தைச் சொன்னேன். மீனவர் பழைய பதிலையே சொன்னார். கரையில் ஒதுங்கியது, வேறொன்றும் தெரியாது. சிப்பித் தழும்பையும் கயிற்றுத் தடத்தையும் சொன்னேன். திருகிய கயிறு அவர் கையில் அப்படியே நின்றது.

அவர் தயக்கத்துக்கு ஒரு காரணம் எனக்கு முன்பே தெரியும். நடுக்கடலில் இடத்தைக் காட்ட எந்த அடையாளமும் கிடையாது. அந்தக் கரைக்காரர்கள் ஒரு மலை முகட்டையும் கரையிலுள்ள கோயில் கோபுரத்தையும் ஒரே நேரில் பிடிப்பார்கள். இன்னொரு பக்கம் அதுபோல இன்னொரு முகடும் ஒரு பனையும். இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் நங்கூரக் கல்லைப் போட்டால், அடியில் மீன் அடையும் பாறைத் திட்டு இருக்கும். திட்டுக்குப் பெயர் பாரு. இடம் கணிக்கும் முறைக்குக் கணிச்சம் என்று பெயர். நல்ல பாரின் கணிச்சத்தைக் கூடப் பிறந்தவர்களுக்கே சொல்லாத குடும்பங்கள் உண்டு. இவர் குடும்பத்துக்கு அப்படி ஒரு பாரு இருந்தது. அதைப் புதுப்பாரு என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். இவருடைய அப்பன் காலத்தில் அங்கே வெறும் மணல். போர் நடந்த வருடங்களில்தான் கலவா, பாரை போன்ற மீன்கள் அங்கே அடையத் தொடங்கின. மீன் குறைந்த மாதங்களில் ஊரில் மற்றவர்கள் கட்டுமரங்களைக் கொண்டு கொல்லம் பக்கம் போய்ப் பல வாரங்கள் மணலில் தங்கிப் பிழைப்பார்கள். இவர் குடும்பம் மட்டும் போகாது. புதுப்பாரில் கிடைப்பது போதும்.

இந்தப் புதுப்பாரு விஷயத்தை மைத்துனர்தான் வாய்தவறிச் சொல்லிவிட்டார். சொன்னபிறகு அக்காவின் பார்வையைச் சந்திக்காமல் கடலைப் பார்த்தார்.

இடத்தை நான் எழுதமாட்டேன், யாரிடமும் சொல்லமாட்டேன் என்றேன். உண்மையில் என் மனதில் வேறு எண்ணமும் இருந்தது. அது வாபிட்டியாக இருந்தால், அந்த இயந்திரத்தை எப்படியாவது மேலே தூக்கித் திருவனந்தபுரத்தில் காட்சிக்கு வைக்கச் சொல்ல வேண்டும் என்று இரண்டு வாரமாக யோசித்துக்கொண்டிருந்தேன். இந்தியர் ஓட்டிய அந்தப் பழைய விமானங்களில் ஒன்றுகூட நம் பக்கத்தில் மிச்சமில்லை. அந்த எண்ணத்தை நான் அங்கே வெளியே சொல்லவில்லை.

மீனவரின் மனைவிதான் கடைசியில் மறைக்காமல் பேசினார். என்னிடம் அல்ல, நர்ஸிடம், மகளிடம் பேசுவதுபோல.

"இடம் தெரிஞ்சா தெரியட்டும், மக்களே. அதுக்கில்ல. அடியில கெடக்கது இரும்புண்ணா அது பாரு. ஆளு உண்டும்ணா அது கல்லறை. கல்லறையில எவனாம் தூண்டில் போடுவானா? அந்த மீன எங்க பிள்ளையளுக்கு எப்பிடிக் குடுப்பேன்? இவரு பத்து வருசமா அதுக்க மேல நிக்காரு. ஒருக்காகூட முங்கிப் பாத்ததில்ல. ஏண்ணு நெனைக்கிய?"

 சிப்பிக்காக நாள் முழுவதும் முங்குகிற மனிதர், தன் வயிற்றுப்பாட்டு இடத்தில் மட்டும் முங்காமல் இருந்திருக்கிறார்.

நர்ஸ் எழுந்துவிட்டார். போகலாம் சாரே என்றார். அவர் முகத்தில் வருத்தமோ கோபமோ இல்லை. ஆஸ்பத்திரியில் ஒரு மருந்து இல்லை என்று தெரிந்தால் அடுத்த வேலைக்குத் திரும்புவார்களே, அப்படி. மீனவரின் மனைவியின் கையைப் பிடித்து, பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார். ஐந்து என்று பதில் வந்தது. நல்லா இருக்கட்டும் என்று சொல்லி நடந்தார். வேலியருகே போய்விட்டோம்.

"நில்லு மக்களே" என்றார் மீனவர்.

அவர் கயிற்றைக் கீழே வைத்துவிட்டு வந்தார். "இனி நான் அங்க தூண்டில் போட்டாலும் மீனையா நெனைப்பேன்? ஆளு உண்டுமா இல்லியாண்ணு தானே நெனைப்பேன். கேக்காதது வரைக்கும் செரி. இப்பம் நீ கேட்டாச்சுல்லா."

முங்கிப் பார்க்கிறேன் என்றார். என்ன பார்க்க வேண்டும் என்று என்னைக் கேட்டார்.

நான் என் தொழில் வழக்கப்படி யோசித்தேன். சாட்சியிடம் பதிலைச் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்கக் கூடாது. அங்கே கிடக்கும் இயந்திரம் என்ன வடிவம் என்று மட்டும் பார்த்து வாருங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். நர்ஸ் குறுக்கிட்டார்.

"அவருக்கு ரெண்டையும் சொல்லணும் சாரே. எது வந்தா எனக்கு என்ன, எது வந்தா அவருக்கு என்னண்ணு."

நான் அவரைத் தனியாக அழைத்து, அது சரியாகாது என்றேன். நீள இயந்திரம் என்றால் அதில் யாரும் சாகவில்லை, பாரு இவருக்கே இருக்கும். வட்டம் என்றால் போய்விடும். இதைத் தெரிந்துகொண்டு முங்குகிறவர் மேலே வந்து எதைச் சொல்வார், அதை எப்படி நம்புவது என்று கேட்டேன்.

"ஒரு மனுஷனுக்கு நட்டம் வரப்போகுதுண்ணு தெரிஞ்சும் சொல்லாம முங்க விடுவியளா?" என்றார் அவர். குரலை உயர்த்தவில்லை. "பொய் சொன்னா எனக்குத் தெரியும். தினமும் வலிக்கல்ல, வலிக்கல்லண்ணு சொல்லியவங்களத்தான் நான் பாக்கேன்."

 அவரே திரும்பிப் போய் மீனவரிடம் இரண்டையும் சொன்னார். மணலில் விரலால் ஒரு நீளப் பெட்டி வரைந்தார், இப்படி இருந்தால் உங்கள் பாரு உங்களுக்கே, அதில் யாரும் சாகவில்லை என்றார். பக்கத்தில் ஒரு வட்டம் வரைந்து சுற்றிலும் ஒன்பது குட்டி வட்டம் வைத்தார். இப்படி இருந்தால் என் வீட்டுக்காரர் என்றார். மீனவர் குனிந்து இரண்டையும் பார்த்தார். அவர் மனைவி அந்தப் படங்களைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

அந்தக் கரையில் பெண்கள் கட்டுமரத்தில் ஏறுவதில்லை. நர்ஸ் முற்றத்திலேயே இருந்துகொண்டார். நானும் மீனவரும் மைத்துனரும் போனோம். எனக்கு ஒரு நிபந்தனை. மரத்தின் நடுவே கடலைப் பார்த்து உட்கார வேண்டும். திரும்பி மலையையோ கரையையோ பார்க்கக் கூடாது.

"கழுத்தத் திருப்பினா துடுப்பு தலையில விழும், கேட்டியளா சாரே. அடிச்சது நானுண்ணு பேப்பர்ல போடப்பிடாது" என்றார் மைத்துனர், துடுப்பு போட்டுக்கொண்டே.

பார்ப்பதையே பிழைப்பாகக் கொண்ட நான், வாழ்க்கையில் ஒரே ஒரு பயணத்தைத்தான் பார்க்காமல் போயிருக்கிறேன். முன்னால் தண்ணீர் மட்டும். பின்னால் அவர்கள் இருவரும் பேசிக்கொள்வது கேட்டது. கொஞ்சம் வடக்கே, கொஞ்சம் உள்ளே, கோபுரம் இன்னும் ஒட்டவில்லை, இப்போது ஒட்டிவிட்டது. எந்த முகடு, எந்தக் கோபுரம் என்று சொல்லவில்லை. பாதி வழியில் எனக்கு வாந்தி வந்தது. அதற்கும் மலைப் பக்கம் திரும்பாமல் கடல் பக்கமே குனிந்தேன். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

கல்லைப் போட்டார்கள். எட்டு ஆள் ஆழம் என்றார் மைத்துனர். மீனவர் இடுப்புத் துணியை இறுக்கி, நெற்றியில் சிலுவை வரைந்து, ஒரு பாரக்கல்லைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். தண்ணீர் மூடிக்கொண்டது. அவர் மேலே வர எவ்வளவு நேரமானது என்று எனக்குத் தெரியாது. நான் கைக்கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை என்பது அவர் தலை தெரிந்த பிறகுதான் உறைத்தது.

மரத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.  மறுபடி போனார். வந்தார். மூன்றாவது முறையும் போனார். அப்போது வந்தபோது மூக்கில் ரத்தம் தெரிந்தது. மைத்துனர் கை கொடுத்து மரத்தில் ஏற்றினார். என்ன கண்டீர்கள் என்று நான் கேட்டேன். அவர் தலையை ஆட்டினார்.

"ஒமக்கிட்ட இல்ல சாரே. சொல்ல வேண்டியது அந்தப் பிள்ளைக்கிட்ட."

மரத்தைக் கரைக்குத் திருப்பினார்கள். நான் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்ததால் அவர் முகத்தைப் பார்த்து எதையும் ஊகிக்கவும் வழியில்லை.

இரண்டு பெண்களும் மணலில் இறங்கி நின்றிருந்தார்கள். அவர் அலையிலிருந்து நேராக நடந்துபோய் நர்ஸின் முன் நின்றார். மனைவியின் பக்கம் பார்க்கவில்லை.

"வட்டம்தான் மக்களே. சிப்பி மூடிக் கெடக்கு. ஒவ்வொண்ணா தடவி எண்ணினேன். ஒம்பது."

நர்ஸ் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். பிறகு கேட்டார்: "உள்ள?"

"உள்ள மண்ணு. நான் தோண்டல்ல."

"வேண்டாம். தோண்டாண்டாம்."

நான் அழுகையை எதிர்பார்த்தேன். பத்து வருடமாகச் செய்தி எழுதியவன், இந்த இடத்தில் அழுகை வரும் என்று முன்கூட்டியே வாக்கியம் அமைத்துவிடுகிறவன். அவர் அழவில்லை. ஓரடி முன்னால் வந்து, மீனவரின் தாடையைப் பிடித்து முகத்தை வெளிச்சத்தின் பக்கம் திருப்பினார். இடது காதிலிருந்து மெல்லிய கோடாக ரத்தம் இறங்கியிருந்தது. மூக்கில் இருந்ததை மட்டும்தான் நான் பார்த்திருந்தேன். காதை நான் கவனிக்கவில்லை. வெந்நீர் வைக்கச் சொன்னார், சுத்தமான பழந்துணி கேட்டார். மீனவரை முற்றத்தில் உட்காரவைத்து, குனிந்து நின்று, பஞ்சுபோலத் துணியைத் திரித்து மெதுவாகத் துடைத்தார். தலையை இந்தப் பக்கம் சாய்க்க வேண்டும், பத்து நாள் தண்ணீருக்குள் முங்கக் கூடாது, எண்ணெய் விடக் கூடாது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். துடைத்து முடித்த பிறகும் கையை எடுக்காமல் அவர் தலைமேல் வைத்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் தோள் குலுங்கத் தொடங்கியது. மீனவரின் மனைவி பின்னாலிருந்து வந்து அவரைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். நானும் மைத்துனரும் வேலிக்கு வெளியே போய் நின்றோம்.

திரும்பும் பஸ்ஸில் அவர் நெடுநேரம் வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். தக்கலை தாண்டியபோது, அந்த விமானத்தை ஓட்டிய பைலட்டின் குடும்பம் வடக்கே எங்கோ இருக்கிறது, படையிலிருந்த பழைய நண்பர் ஒருவர் மூலம் முகவரி தேடி எழுத வேண்டும், அவர்களும் காத்துக்கொண்டிருப்பார்கள் என்றார். எழுதினார் என்று பின்னால் தெரிந்தது.

அடுத்த வாரம் வளையத்தை அவரிடம் கொடுப்பதற்காக எடுத்துப் போனேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் அதை மடியில் வைத்து, உருளைக் குழிகளில் ஒவ்வொன்றாக விரலை வைத்துக்கொண்டு போனார். இதற்குள்தான் அவர் நின்றாரா என்று கேட்டார். ஆமாம், இதன் நடுவில் நின்று எந்தப் பக்கமும் திரும்புவார் என்றேன். வளையத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"நீங்க வையுங்க சாரே. எனக்கிட்ட இருந்தா எனக்குப் பிறகு இது வெறும் வளையம். ஒங்ககிட்ட இருந்தா இது என்னண்ணு எழுதி வெச்சிருப்பிய."

அன்றிரவு மற்ற உறுப்புகளில் கட்டியதுபோல இதற்கும் ஒரு சீட்டு எழுதினேன். அதுவரை என் சீட்டுகளில் விமானத்தின் பெயர், வருடம், கிடைத்த இடம் என்று மூன்றுதான் இருக்கும். இந்தச் சீட்டில் கிடைத்த இடத்தை எழுதவில்லை. அந்த பைலட், நர்ஸின் கணவர் என்று இரண்டு ஆட்களின் பெயரை எழுதினேன். என் மனைவி அதைப் படித்துவிட்டு, மாடியைக் கூட்டும்போது அந்த வளையத்தை மட்டும் தரையில் வைக்காமல் சுவரில் மாட்டினாள். ஆக்கர்க்கடைப் பேச்சு அதன்பின் எங்கள் வீட்டில் எழவில்லை. இருபது வருடம் கழித்து ஒரு கல்லூரியின் இயற்பியல் கூடத்துக்கு எல்லாவற்றையும் கொடுத்தபோது, சீட்டுகளையும் கழற்றாமல் வைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்தேன்.

இயந்திரத்தை மேலே தூக்கும் யோசனையை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு பழைய பொருளுக்குச் சரியான பெயரைக் கண்டுபிடித்துவிட்டால் அதைக் காப்பாற்றிவிட்டதாக அதுவரை நினைத்திருந்தேன். பெயர் தெரிந்தபின் அதை விட்டு விலகிப் போக வேண்டியவர்களும் உண்டு என்று அந்த முற்றத்தில்தான் தெரிந்துகொண்டேன். இந்த அனுபவத்தைப் பற்றி இத்தனை வருடம் ஒரு வரிகூட எழுதாமல் இருந்ததற்கும் அதுதான் காரணம்.

நர்ஸின் கணவருக்கு அந்தப் பங்குனியில் கோயிலில் நினைவு ஆராதனை நடந்தது. நானும் போயிருந்தேன். மீனவர் குடும்பத்தோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர்கள் வேறு சபைக்காரர்கள், அந்தக் கோயிலுக்குள் வருவது அதுவே முதல் தடவை. இடது காதில் பஞ்சு வைத்திருந்தார். வெளியே வந்தபோது கடலில் பாடு எப்படி என்று கேட்டேன். மற்ற பாருகளில் கிடைப்பதை வைத்துப் போகிறது என்றார். 

அந்த வருடம் ஆனி மாதம், ஊரிலுள்ள மற்ற மரங்களோடு அவருடைய மரமும் கொல்லத்துக்குப் போனது.